வரப்போரத்து அவரை

நவம்பர் 26, 1979 – திங்கள்

வருஷப் பிறப்புக்குக் கம்பெனி கொடுத்த டைரி இது. அட்டையில் பம்ப் படம், உள்ளே முதலாளியின் வாழ்த்து. இத்தனை மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தது. ஆவணியில் தொடங்கிய ஸ்டிரைக் இன்னும் முடியவில்லை, ஐப்பசி மழைகூட ஓய்ந்துவிட்டது. முதலாளி கொடுத்த டைரியில் ஸ்டிரைக்காரன் எழுதுவது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ஆனால் காகிதம் என்ன பாவம் செய்தது?

நான் வீட்டிலேயே இருப்பது என் மனைவி கனகத்துக்கு அலுத்துப் போய்விட்டது. உப்பு கூடுதல், குழம்பு தண்ணீர், விளக்குமாறு வைத்த இடம் சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேனாம். "உங்க இன்ஸ்பெக்ஷனை அம்பத்தூர் கம்பெனில வெச்சிக்குங்க. இங்க குந்திகினு என் சட்டி பானைய செக் பண்ணாதீங்க. போயி அவரப் பந்தலைப் பாருங்க" என்று விரட்டிவிட்டாள்.

போனேன். ஆடியில் அவள் விதை ஊன்றிய பந்தல். எங்கள் பாகத்துக்கும் தம்பி தசரதன் பாகத்துக்கும் நடுவில் ஓடும் வரப்பு வரைக்கும் கொடி படர்ந்திருக்கிறது. பூ நிறைய. ஆனால் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் எள்ளைக் கொட்டி ஒட்ட வைத்த மாதிரி கறுப்பாகப் பேன். விவசாய ஆபீஸ்காரர்கள் அசுவினி என்பார்கள், நாங்கள் பேன் என்போம். கொழுந்தின் சாற்றை உறிஞ்சி இலையைச் சுருட்டிவிடும். இலையெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறது. பந்தல் காலில் எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது.

கம்பெனியில் பம்ப் வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். இது என்ன பெரிய காரியம்? சரிசெய்துவிடலாம்.

டிசம்பர் 3 – திங்கள்

காலையில் ரோட்டில் கம்பெனி வேன் போயிற்று. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை. தசரதன் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனும் நானும் ஒரே கம்பெனி. நான் இன்ஸ்பெக்ஷன், அவன் டிஸ்பாட்ச். ஸ்டிரைக் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, இனி ஸ்டிரைக்கில் சேர மாட்டேன் என்கிற நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டான். அன்றைக்கு கேட்டில் அத்தனை பேர் முன்னால் "கருங்காலி" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். அதிலிருந்து பேச்சு இல்லை.

ஏன் போனான் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் மனைவி சந்திரம்மாளுக்கு எட்டு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது. கனகம்தான் சொன்னாள். கிணற்றடியில் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

இன்று இன்னொன்றும் பார்த்தேன். விடியற்காலையில் சந்திரம்மாள் வரப்பில் நின்று எங்கள் கொடியில் பிஞ்சு அவரை பறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் மாசமாக இருக்கும் பெண் யார் வேலியில் வேண்டுமானாலும் வாய்க்குப் பிடித்ததைக் கேட்காமல் பறிக்கலாம். பார்த்தவனும் பார்க்காத மாதிரி போக வேண்டும். நானும் அப்படியே செய்தேன். அவர்கள் பந்தலிலும் அவரைதான். ஆனால் மசக்கைக்குப் பக்கத்து வேலிக் காய்தான் ருசிக்கும் போல.

வரப்பு ஓரத்துக் கொத்துகளை இனி பறிக்கப் போவதில்லை. அவளுக்கு இருக்கட்டும். கனகத்திடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

டிசம்பர் 7 – வெள்ளி

இன்று குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். பேன் கூட்டம் எங்கே அதிகமோ அங்கெல்லாம் ஒரு சின்ன வண்டு இருக்கிறது. ஆரஞ்சு நிறம், முதுகு பொத்தான் மாதிரி உருண்டை, கறுப்புக் கறுப்பாகக் கோடும் புள்ளியும். கூடவே சாம்பல் நிறத்தில், குட்டி முதலை மாதிரி அசிங்கமாக ஒரு புழு. இரண்டும் பேன் கூட்டத்தை விட்டு நகருவதே இல்லை. இதுதான் தாய்ப்பூச்சி, இது குட்டி போட்டுத்தான் பேன் பெருகுகிறது என்பது என் முடிவு. ரிஜெக்ட் ஆன பீஸ் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய் மிஷினைப் பிடிக்கிற மாதிரி.

ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கல்லில் வைத்து நசுக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கனகம் வந்து அடுப்புச் சாம்பலை முறத்தில் எடுத்துக் கொடி மேல் தூவினாள். "அத்தினி வண்டையும் நசுக்கிட்டீங்க, பேனு அப்படியே கீதே" என்றாள். "மிஷினை நிறுத்தினால் போதும், சரக்கு தானாக நிற்கும்" என்றேன். அவள் மீதிச் சாம்பலையும் தூவிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு போனாள்.

டிசம்பர் 9 – ஞாயிறு

சாம்பல், தூறல். மறுபடி சாம்பல், மறுபடி தூறல். பேன் இப்போது பூங்கொத்தில் ஏறிவிட்டது. பூ உதிர்கிறது.

டிசம்பர் 12 – புதன்

கனகம் காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் அண்ணன் பேரனுக்குக் காது குத்து. சனிக்கிழமைதான் வருவாள்.

இன்று கேட்டில் கூட்டம். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் ஒருவனையும் உள்ளே விட மாட்டார்களாம். காலையில் வேன் உள்ளே போகும்போது எல்லாரும் கத்தினோம். நானும் கத்தினேன். அதில் அவன் இருந்தான்.

திரும்பும்போது மனசு கொதித்துக்கொண்டிருந்தது. பரசுராமன் கூட வந்தான். என்னோடு ஸ்டிரைக்கில் இருப்பவன், கத்தரித் தோட்டம் வைத்திருக்கிறான். "சாம்பலு இன்னாத்துக்கு ஆவும்? மருந்து அட்சிடு, ஒரே ராத்திரில கிளீன்" என்றான். அவன் வீட்டில் மிச்சமிருந்த புட்டியையும் தோளில் மாட்டும் மருந்து மிஷினையும் கொடுத்தான். அடித்த பிறகு ஒரு வாரம் காயில் கை வைக்கக் கூடாது என்று கடைக்காரன் அவனிடம் சொல்லியிருக்கிறானாம்.

கனகம் இருந்தால் விட்டிருக்க மாட்டாள். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு பந்தல் முழுக்க அடித்தேன். வரப்பு ஓரம் வரைக்கும் ஒரு இலை விடவில்லை. எத்தனையோ நாளாக ஒரு வேலையை முழுசாகச் செய்த திருப்தி.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் சொல்ல வேண்டும், ஒரு வாரம் பறிக்காதே என்று. கனகம் இருந்தால் கிணற்றடியில் சொல்லியிருப்பாள். நான் எப்படி? தசரதன் வேனில் வந்து இறங்கியாயிற்று, விளக்கு தெரிகிறது. காலையில் கருங்காலி என்று கத்திவிட்டு இப்போது அந்த வாசலில் போய் நிற்பதா? விடிந்ததும் பரசுராமன் மிஷினை வாங்க வருவான். அவனை விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

டிசம்பர் 13 – வியாழன்

இன்று எழுத முடியவில்லை. கையும் இல்லை, மனசும் இல்லை.

டிசம்பர் 14 – வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கையில் கொப்புளம், எழுத்து கோணலாகத்தான் வரும்.

பரசுராமன் வருவான் வருவான் என்று பார்த்தேன், வரவில்லை. வேப்பங்குச்சியை மென்றுகொண்டே பந்தல் பக்கம் போனேன். பேன் எல்லாம் செத்து இலை மேல் கறுப்புத் தூளாகக் கிடந்தது. சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அப்படியே பார்த்துக்கொண்டே வரப்பு ஓரம் வந்தேன். அங்கே கொத்துகள் காலி. கிள்ளிய காம்பில் ஈரம் இருந்தது.

முதலில் எவன் கை வைத்தான் என்று கோபம் வந்தது. அடுத்த மூச்சில் புரிந்துவிட்டது. நான்தானே விட்டு வைத்தேன்? அவளுக்கென்று நான்தானே விட்டு வைத்தேன்?

வரப்பைத் தாண்டியது நினைவில்லை. தசரதன் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். கதவு திறந்திருந்தது. தம்பி மனைவி தனியாக இருக்கும் வீட்டில் மூத்தவன் நுழைவது எங்களில் வழக்கமில்லை. என்னைப் பார்த்தால் சந்திரம்மாள் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நேருக்கு நேர் நாங்கள் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நேற்று நேராக அடுப்படிக்கே போனேன். சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவரைக்காய் வாசனை. பிடிதுணி தேடவில்லை. வெறுங்கையால் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குப்பைமேட்டில் வீசினேன். முறத்தில் நறுக்காத காய் மீதி இருந்தது. அதையும் அவள் மடியிலிருந்து பிடுங்கினேன்.

வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

அவள் என்ன நினைப்பாள்? இத்தனை மாதமாக முகம் பார்க்காதவன் திடுதிப்பென்று உள்ளே வந்து, அவள் பறித்த காயைப் பிடுங்குகிறான், சட்டியை உடைக்கிறான். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கத்தினாள் பார், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு காய்க்கா மாமா? வவுத்துப் புள்ளக்காரி பறிச்ச நாலு காய்க்கா இந்த ஆட்டம்?"

தெரு கூடிவிட்டது. பிரசவம் பார்க்கும் லூர்தம்மாள்தான் முதலில் உள்ளே வந்தாள். பக்கத்துத் தெரு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவள். "யோவ் பாண்டுரங்கா, உனுக்கு மனசாட்சி கீதா இல்லையா?" என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள். அந்தத் தள்ளலில்தான் எனக்குக் குரல் வந்தது.

"மருந்தும்மா! நேத்து சாயங்காலம் மருந்து அட்சிகிறேன்! துன்னியா? சொல்லு, துன்னியா?"

சந்திரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பிஞ்சு ரெண்டு... பச்சையா கடிச்சேன் மாமா. ஒரு மாதிரி வாசனை வந்துச்சி. இப்பல்லாம் சோறே நாறுது எனுக்கு, அதான் கண்டுக்கல."

இத எப்படித் தாங்கறது? மருந்து வாசனையும் மசக்கை வாசனையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டாளே! நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? வாசல்ல நின்னு ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தா?

லூர்தம்மாள் அதற்குமேல் யாரையும் பேசவிடவில்லை. வாய் கொப்பளிக்க வைத்து, மாட்டு வண்டி கட்டச் சொல்லி, ரோட்டுக்கு வந்ததும் காய்கறி லாரியை மறித்து ஏறினோம். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி போகும்வரை சந்திரம்மாள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு தடவை வாந்தி எடுத்தாள். டாக்டர் அம்மா ஊசி போட்டு, படுக்க வைத்து, கண்ணையும் நாடியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். என் கைக்கும் கட்டுப் போட்டார்கள். "உயிருக்கு ஒண்ணும் இல்ல. குழந்தை விஷயம் போகப் போகத்தான் தெரியும். துடிப்பு தெரியட்டும்" என்றார்.

சாயங்காலம் தசரதன் வந்தான். கம்பெனி காக்கிச் சட்டையோடு. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டே வந்து மெதுவாகத்தான் பேசினான்.

"கேட்ல கருங்காலின்னு சொன்ன. அது எனுக்கு. வாங்கிகினேன். இவ இன்னா பண்ணா, அண்ணா?"

அப்போதும் அண்ணா என்றான்.

டிசம்பர் 15 – சனி

கனகம் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். பையைக்கூட இறக்கவில்லை.

"பரசுராமன் வந்து சொல்லணுமா? உங்க வாய் எங்க போச்சி? வண்டியில போறவனை கருங்காலின்னு கூப்பிடத் தெரிஞ்ச வாய்க்கு, ஏம்மா பறிக்காதன்னு சொல்லத் தெரிலியா?"

பிறகு என் கைக்கட்டைப் பார்த்தாள். சோறு பிசைந்து ஊட்டினாள், திட்டிக்கொண்டே.

சந்திரம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். காய் எல்லாவற்றையும் பறித்துக் குழி வெட்டிப் புதைத்தோம். மருந்து மிஷினைக் கனகமே கொண்டு போய்ப் பரசுராமன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அவனை என்ன சொன்னாளோ, அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

டிசம்பர் 22 – சனி

பந்தல் சுத்தமாக இருக்கிறது. பேன் இல்லை, எறும்பு இல்லை, வண்டு இல்லை. பார்க்கவே பிடிக்கவில்லை.

வரப்பு ஓரத்தில் புதுப் பிஞ்சு வைத்திருக்கிறது. அவள் அந்தப் பக்கமே வருவதில்லை.

டிசம்பர் 29 – சனி

பேன் திரும்பி வந்துவிட்டது. கொழுந்து, பூ, காம்பு, எங்கே பார்த்தாலும் கறுப்பு. இரண்டு பங்காக வந்திருக்கிறது. இப்போது நசுக்கத் தாய்ப்பூச்சியும் இல்லை. தாய் இல்லாமல் குட்டி எங்கிருந்து வந்தது? என் கணக்கில் எங்கோ உதைக்கிறது.

ஜனவரி 4, 1980 – வெள்ளி

டைரி தீர்ந்துவிட்டது. முன்பக்கம் ஜனவரி காலியாகத்தானே இருக்கிறது? திரும்பி வந்துவிட்டேன். கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

இன்று வரப்பில் உட்கார்ந்து தம்பியின் பந்தலைப் பார்த்தேன். அவர்களும் அவரைதான். அங்கே பேன் இருக்கிறது, ஆனால் அங்கங்கே திட்டாகத்தான். என் பந்தல் மாதிரி நாசமாகவில்லை. மருந்தும் அடிக்கவில்லை, சாம்பலும் போடவில்லை. சந்திரம்மாளுக்கு இப்போது தோட்டத்தில் இறங்கத் தெம்பில்லை.

அங்கே நிறைய வண்டு. குட்டி முதலைகளும். ஒரு புழுவை வெகு நேரம் பார்த்தேன். வார்ப்பைப் பார்க்கிற மாதிரி, கண்ணை எடுக்காமல். அது ஒரு பேனைக் கவ்விப் பிடித்தது, சக்கையாக்கிப் போட்டது, அடுத்ததற்குப் போனது. வண்டும் அதையேதான் செய்தது. குட்டி போடவில்லை. தின்றுகொண்டிருந்தது.

பேனைத் தின்ன வந்த ஆளையா நான் கல்லில் வைத்து நசுக்கினேன்? மிச்சம் மீதி இருந்ததையும் மருந்து அடித்துக் கொன்றேன். ஊர்ப்பட்ட இன்ஸ்பெக்ஷன் வேலை பார்த்தவன். நல்ல பீஸை எல்லாம் ரிஜெக்ட் பண்ணியிருக்கிறேன்.

சாப்பிடும்போது கனகத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வூட்லயும் அதானே பண்ணீங்க" என்றாள்.

ஜனவரி 9 – புதன்

துடிப்பு இன்னும் தெரியவில்லையாம். லூர்தம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கனகம் சாமிக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள், எந்தச் சாமிக்கு என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 12 – சனி

சும்மா இருக்க முடியவில்லை. பேன் மொய்த்த கொழுந்தை எல்லாம் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். காலை வேளையில் வாளியிலிருந்து தண்ணீரை விசிறி அடித்தால் பாதி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்தவற்றை எறும்பு மறுபடி மேலே கொண்டு வருகிறது. பேன் விடுகிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. வண்டு வந்தால் விரட்டுகிறது. இதையும் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பம்ப் செட்டுக்கு வைத்திருந்த கிரீஸ் ஞாபகம் வந்தது. பந்தல் காலில் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றி மேலே கிரீஸைத் தடவினேன். எறும்பு அது வரைக்கும் வந்து நின்று, மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. நல்ல வேடிக்கை.

டப்பாவில் மிச்சம் இருந்தது. வரப்பைத் தாண்டி அவர்கள் பந்தல் காலிலும் பூசினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13 – ஞாயிறு

பார்த்திருக்கிறான். வரப்பில் நின்று துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "கம்பெனி கிரீஸு. ஸ்டோர்லேர்ந்து எப்ப சுட்ட?"

"போன வருசம்" என்றேன்.

"உம்" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான். எனக்கு அந்த "உம்" போதும்.

ஜனவரி 17 – வியாழன்

பொங்கல் முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் குழம்புக்கு என் பந்தல் அவரை அந்த வீட்டுக்குப் போகும், அவர்கள் மொச்சை இங்கே வரும். இந்த வருஷம் மொச்சை வந்தது, கனகம் கையில் சந்திரம்மாள் கொடுத்தனுப்பியிருந்தாள். இங்கிருந்து அவரை போகவில்லை. எப்படிப் போகும்? எந்த முகத்தோடு கொடுப்பது?

வரப்பு ஓரத்துக் கொத்துகள் முற்றித் தொங்குகின்றன. பறிக்கிற ஆள் இல்லை. நானும் பறிக்க மாட்டேன்.

ஜனவரி 19 – சனி

புள்ள உதைக்குதாம்! கிணற்றடியிலிருந்து கனகம் குடத்தைக்கூட எடுக்காமல் ஓடி வந்து சொன்னாள். நேற்றிலிருந்து உதைக்குதாம். நல்லா உதைக்குதாம்.

பந்தலுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்.

ஜனவரி 24 – வியாழன்

காலையில் பந்தலில் ஒரு வேடிக்கை. நடுக்காலில் ஒரு கத்தை அவரைக்கொழுந்து கட்டித் தொங்குகிறது. என் கொடி இல்லை, வெட்டிக் கொண்டு வந்து கட்டியது. இலைக்கு அடியில் பார்த்தால் வண்டும் புழுவுமாக ஒரு பட்டாளம். சில ஏற்கனவே என் கொடிக்கு நடந்துகொண்டிருந்தன.

யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம். இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்து, நுனியை மடக்கிச் சொருகிய முடிச்சு. டிஸ்பாட்சில் பம்ப் பெட்டிக்குப் போடுகிற முடிச்சு. எங்கள் கம்பெனியில் அதைத் தசரதன் மாதிரி யாராலும் போட முடியாது.

அவிழ்க்கவில்லை. காயட்டும், அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 2 – சனி

ஸ்டிரைக் முடிந்துவிட்டது. முடிந்தது என்பதைவிட, நாங்கள் முடிந்துவிட்டோம் என்று சொல்லலாம். எல்லாரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று சங்கமே சொல்லிவிட்டது. வரிசையில் நின்று நானும் போட்டேன். அதே காகிதம், அதே வாசகம். தம்பி புரட்டாசியில் போட்டதை நான் மாசி வரும்போது போட்டிருக்கிறேன். அவனுக்குக் காரணம் இருந்தது.

வெளியே வரும்போது அவன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஷிப்ட் முடிந்து வேனில் ஏறாமல் நின்றிருக்கிறான். "நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன். இவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"வா, பஸ்ஸு போய்டும்" என்றான்.

பூந்தமல்லி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். அதற்குப் பிறகு வண்டைப் பற்றிப் பேசினோம். அது சாயங்காலத்தில் என்ன செய்யும், பேன் தீர்ந்துவிட்டால் எங்கே போகும் என்றெல்லாம். எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

பிப்ரவரி 6 – புதன்

பேன் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அங்கங்கே இருக்கிறது, வண்டும் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று இருக்கட்டும். கொடி மறுபடி பூத்துக் காய்க்கிறது. வீட்டுக்கு வேண்டியது கிடைக்கிறது.

வரப்பு ஓரத்தில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

பிப்ரவரி 10 – ஞாயிறு

நாளை முதல் ஷிப்ட். காக்கிச் சட்டையைக் கனகம் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். இனி எழுத நேரம் இருக்காது.

விடியற்காலையில் பந்தல் காலில் கிரீஸ் துணியெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தேன். வரப்பில் காலடி கேட்டது. சந்திரம்மாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. கையில் சின்னக் கூடை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"மாமா, மருந்து எதுனா அட்சிகிறீங்களா?"

"இல்லம்மா. அன்னியோட சரி."

ஒரு கொத்தைத் திருப்பி முகர்ந்து பார்த்தாள். பிறகு பறிக்க ஆரம்பித்தாள். கேட்காமல் பறிப்பதுதான் மாசமானவளுக்கு உரிமை. அதைக் கெடுத்தவன் நான், அது இனி திரும்பாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவளாக என் முகம் பார்த்து நிதானமாக ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை.

கூடை பாதி நிறைந்ததும் ஒரு பிஞ்சைக் கிள்ளினாள். புடவையில் துடைத்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்தாள். வாயில் போட்டு மென்றாள்.

நான் பார்க்காத மாதிரி, கையிலேயே இருந்த கிரீஸ் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.